பிள்ளையின் கால் எங்கே?

போன மாசம் கல்லிடைக்குறிச்சியிலிருந்து நண்பர் ஒருத்தர் போன் பண்ணினார். குரலிலேயே குஷி.

"அண்ணாச்சி, ஒரு டர்ட் பைக் எடுக்கலாம்னு இருக்கேன். ரொம்பப் பெருசு வேண்டாம், சின்னதா ஒண்ணு. நம்ம பயலுக்கு அஞ்சு வயசாச்சுல்லா... லீவு நாள்ல அவனைக் கூட்டிக்கிட்டு கால்வாய்க் கரை, ஆத்தங்கரைன்னு ஒரு சுத்து சுத்திட்டு வரலாம். எந்த வண்டி நல்லாருக்கும்?"

"கால் எட்டுமா?" என்றேன்.

"நல்லா எட்டுது அண்ணாச்சி. ஷோரூம்ல உக்காந்தே பாத்துட்டேன்."

"உம்ம காலைக் கேக்கல வே. பயலோட காலைக் கேக்கேன். பின்னால உக்காந்தா அவனுக்கு ஃபுட்ரெஸ்ட் எட்டுமா?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சி.சி. எவ்வளவு, மைலேஜ் எவ்வளவு, சஸ்பென்ஷன் எப்படி, டயரில் பட்டன் எத்தனை என்று ஒரு வாரமாகப் படித்துப் படித்து மண்டையில் ஏற்றி வைத்திருக்கிறார். யாருக்காக வண்டி வாங்குவதாகச் சொல்கிறாரோ, அந்தப் பயலின் கால் மட்டும் கணக்கில் வரவில்லை.

அவரைக் கிண்டல் பண்ண இதை எழுதவில்லை. நீங்களும் நானும் அவர்தான். இருபது வயசில் வாங்க முடியாமல் போன வண்டியை முப்பத்தைந்து வயசில், பிள்ளையின் பேரைச் சொல்லி வாங்குகிறோம். வீட்டுக்காரம்மாவிடம் சொல்வதற்கும் அது வசதியான காரணம். வாங்கிட்டுப் போங்க, உங்க காசு. ஆனால் பிள்ளையை ஏற்றப் போவதாகச் சொன்னால் கொஞ்சம் நில்லுங்க. நாலு வார்த்தை பேசணும்.

முதலில் டர்ட் பைக் என்றால் என்ன? அசல் டர்ட் பைக் என்பது மண் டிராக்கில் மட்டும் ஓட்டச் செய்தது. கவாஸாகி கே.எல்.எக்ஸ். 110 மாதிரி வண்டிகளை நம்மூர் சாலைக்குப் பதிவு செய்ய முடியாது. நம்பர் பிளேட் கிடையாது. பின்னால் ஆள் உட்கார வழியும் கிடையாது. ஒருத்தர் ஓட்ட, ஒருத்தர் உட்கார என்று அந்த வண்டியை யாரும் யோசித்தே செய்யவில்லை. ஆக, 'பிள்ளையோடு போக ஒரு சின்ன டர்ட் பைக்' என்று நீங்கள் தேடுகிற பொருள் உலகத்திலேயே இல்லை.

அடுத்தது, ரோட்டுக்கும் காட்டுக்கும் பொதுவான வண்டி. ஹீரோ கம்பெனி 2011-ல் இம்பல்ஸ் என்று ஒன்று விட்டுப் பார்த்தது, நிலைக்கவில்லை. 2019-ல் எக்ஸ்பல்ஸ் 200 வந்தது. நல்ல வண்டி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் சீட் உயரம் சுமார் 82 சென்டிமீட்டர், எடை 150 கிலோவுக்கு மேலே. சைலன்ஸர் மேல் நோக்கிப் போகும், தண்ணியில் இறங்கினாலும் நனையாதபடி. அந்த உயரத்தில் ஒரு குழந்தையின் கால் தொங்கினால் எங்கே படும் என்று யோசித்துப் பாருங்க.

இன்னொரு சங்கதி. பிள்ளையைப் பின் சீட்டில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் எப்படி ஏறுவீர்கள்? காலைத் தூக்கிப் பின்னால் வீசித்தானே ஏறணும்? அங்கே பிள்ளை இருக்கானே! சரி, நீங்கள் முதலில் ஏறி உட்கார்ந்தால், அஞ்சு வயசுப் பயலை அவ்வளவு உயரத்துக்கு யார் தூக்கி வைப்பது? இதெல்லாம் எந்த விளம்பரத்திலும் வராது.

இப்போ நம்ம மண்ணுக்கு வருவோம். பாபநாசத்தில் மலை இறங்கும் தாமிரபரணி கடலைத் தொடுவதற்குள் எட்டு அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து பதினோரு கால்வாய்கள். கன்னடியன், கோடகன், பாளையங்கால்வாய், திருநெல்வேலிக் கால்வாய் என்று இந்தக் கரைகள்தான் நம்ம ஊர் மண் பாதைகள். ஒரு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் வயல். நடுவில் டிராக்டர் டயர் பதிந்த இரண்டு பள்ளம், அதன் நடுவில் புல் முளைத்த மேடு. பிசானத்துக்கு மழை விழுந்துவிட்டால் வண்டல் மண் சோப்பு மாதிரி வழுக்கும். இந்தக் கரையில் நிதம் போகிறவர் யார்? வயலுக்குப் போகிற சம்சாரி. அவர் எதில் போகிறார்? டி.வி.எஸ். எக்ஸ்.எல்.!

சிரிக்காதீங்க. முன்னால் உர மூட்டை, பின்னால் புல்லுக்கட்டு, கரை மேல் குலுங்கிக் குலுங்கிப் போகும் அந்த மொபெட்தான் நெல்லைச் சீமையின் நிஜமான டர்ட் பைக். 1980-ல் டி.வி.எஸ். 50 என்று வந்தபோது, இந்தியாவில் இரண்டு பேர் உட்கார்ந்து போகும் முதல் மொபெட் அதுதான். அந்த நிறுவனக் குடும்பத்தின் மூத்தவர் டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1877-ல் பிறந்ததும் நம்ம திருக்குறுங்குடியில்தான். 2015-ல் வந்த எக்ஸ்.எல். 100-ன் எடை 90 கிலோவுக்குள். கியர் இல்லை. சக்கரம் 16 இஞ்ச், ஸ்கூட்டரின் குட்டிச் சக்கரம் மாதிரி ஒவ்வொரு பள்ளத்திலும் விழுந்து எழாது. எல்லாவற்றுக்கும் மேலே, காலை வீச வேண்டாம், முன்பக்கமாகவே நுழைந்து உட்காரலாம். பின்னால் பிள்ளை உட்கார்ந்தது உட்கார்ந்தபடி இருக்கும். சாய்ந்தாலும் ஒரு ஆளாகத் தூக்கி நிறுத்தலாம்.

எக்ஸ்.எல். கம்பெனி எனக்குக் கமிஷன் தருதா என்று கேட்காதீங்க. அதன் குறையையும் சொல்கிறேன். நாலுவழிச் சாலையில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் பிள்ளையோடு போகிற வண்டி அது இல்லை. கரைக்குச் சரி, வயலுக்குச் சரி, நாலு தெரு தாண்டி இருக்கும் பள்ளிக்கூடத்துக்குச் சரி. அதோடு நிறுத்திக்கொள்ளணும்.

வண்டியைப் பேசியாச்சு. இனிமேல்தான் நம்மைப் பேசணும்.

பிள்ளையை எங்கே உட்கார வைக்கிறோம்? மோட்டார் சைக்கிள் என்றால் பெட்ரோல் டேங்க் மேலே. ஸ்கூட்டர் என்றால் முன்னால் நிற்க வைத்து, ஹேண்டில்பாரைப் பிடிச்சுக்கோடா என்கிறோம். இல்லாவிட்டால் கம்பியில் செய்த ஒரு குட்டி சீட்டை முன்னால் மாட்டிவிடுகிறோம். 'கண் முன்னாலேயே இருக்கான், பயமில்லை' என்று ஒரு நியாயம் வேறு. கண் முன்னால் இருக்கிறான், வாஸ்தவம். எதிரே ஏதாவது வந்து மோதினால் முதலில் மோதுவதும் அவன்தான். அவன் நெஞ்சுக்கு முன்னால் இரும்பு ஹேண்டில், முதுகுக்குப் பின்னால் எழுபது கிலோ அப்பா. நடுவில் பன்னிரண்டு கிலோ பிள்ளை. நாமே ஏர்பேக் தயார் பண்ணி வைத்திருக்கிறோம், பெற்ற பிள்ளையை வைத்து. நின்றுகொண்டு வருகிற பயல் விளையாட்டாக ஆக்ஸிலேட்டரைத் திருகிவிட்டால்? அந்தக் கதை வேறு.

"மெதுவாத்தானே போறேன்" என்பீங்க. ஒரு சின்னக் கணக்கு போடுவோம், எட்டாம் வகுப்புக் கணக்குதான். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போய் மோதுவது சுமார் 6 மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம். அதாவது, இரண்டாவது மாடி. 60 கிலோமீட்டர் என்றால் 14 மீட்டர், நாலு மாடிக்கு மேலே. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் பிள்ளையை உட்கார வைத்து, 'பிடிச்சுக்கோடா கண்ணு' என்று சொல்வீங்களா? தெருவே கூடிவிடும், உங்களை அடிக்க. அதையே வண்டியில் செய்தால் எதிரே வருகிறவர் பிள்ளைக்கு டாட்டா காட்டிவிட்டுப் போகிறார்.

20 கிலோமீட்டர் என்றால் கணக்கு ஒன்றரை மீட்டர் சொச்சம். அடிபடும், ஆனால் பிழைக்க வழி உண்டு. கரையில் பிள்ளையோடு போகிறவருக்கு 20 போதும். அதற்கு 200 சி.சி. எதற்கு?

"நாங்கெல்லாம் அப்பா சைக்கிள் முன் கம்பியில துண்டைச் சுத்தி உக்காந்துதான் வளந்தோம், ஒண்ணும் ஆகலையே" என்று ஒருத்தர் சொல்வார். எந்தக் கூட்டத்திலும் ஒருத்தர் இருப்பார். ஐயா, உங்கப்பா மிதித்தது பதினைந்து கிலோமீட்டர் வேகம். அது இடுப்பு உயரத்திலிருந்து விழுகிற கணக்கு. அப்புறம், ஒன்றும் ஆகாதவர்தானே இன்றைக்கு உயிரோடு இருந்து 'ஒண்ணும் ஆகலை' என்று சொல்ல முடியும்? ஆனவன் எங்கே வந்து சாட்சி சொல்வான்?

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2022 பிப்ரவரியில் மத்திய அரசு விதி போட்டது. ஒரு வருஷம் கழித்து, 2023 பிப்ரவரியிலிருந்து அமல். ஒன்பது மாதம் முதல் நாலு வயது வரையுள்ள குழந்தையை டூவீலரில் கூட்டிப் போனால், குழந்தைக்கு ஒரு பாதுகாப்புச் சட்டை மாட்டி, அதன் பட்டையை ஓட்டுகிறவர் தோளோடு சேர்த்துக் கட்டணும். அது 30 கிலோ வரை தாங்கணும். தலைக்கு அளவான ஹெல்மெட், சைக்கிள் ஹெல்மெட்டாவது போடணும். வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது. நாலு வயதுக்கு மேலே என்றால் பெரியவர் மாதிரியே ஹெல்மெட் கட்டாயம். இது 2019 சட்டத் திருத்தம்.

வண்ணார்பேட்டையிலிருந்து ஜங்ஷன் வரைக்கும் ஒரு நாள் காலையில் நின்று பாருங்க. அப்படிப் பட்டை கட்டிய பிள்ளை ஒன்றாவது கண்ணில் பட்டால் எனக்குச் சொல்லுங்க, அல்வா வாங்கித் தருகிறேன். அப்பா ஹெல்மெட் போட்டிருப்பார், போலீஸ் பிடித்தால் 1,000 ரூபாய் போய்விடுமே! முன்னால் நிற்கும் பிள்ளையின் தலையில் காற்றாடும். ஆயிரம் ரூபாய்க்கு இருக்கிற மரியாதை அந்தத் தலைக்கு இல்லை.

மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 2023 ஜூனில் கேமரா வைத்து அபராதம் போட ஆரம்பித்தார்கள். அப்பா, அம்மா, பிள்ளை என்று போனால் மூன்று பேர் கணக்காகிறதே, பிள்ளைக்கு விலக்கு கொடுங்கள் என்று அந்த மாநில அரசு டெல்லியைக் கேட்டது. டெல்லி ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் கோரிக்கையில் இருக்கும் வலி எனக்குப் புரிகிறது. கார் வாங்க வக்கில்லாத குடும்பம் என்ன செய்யும்? நியாயமான கேள்வி. பஸ் நேரத்துக்கு வந்தால் பாதிப் பேர் பிள்ளையை வண்டியில் ஏற்றவே மாட்டார்கள். அதை அரசாங்கத்திடம் சண்டை போட்டுக் கேட்போம். ஆனால் ஏழை வீட்டுப் பிள்ளையின் மண்டை ஓடு மட்டும் கெட்டியாக இருக்குமா என்ன? ஏழ்மையைக் காட்டி ஹெல்மெட்டிலிருந்து விலக்கு கேட்கக் கூடாது. ஹெல்மெட்டைத்தான் கேட்கணும்.

யாரிடம் கேட்பது? வண்டி விற்கிறவரிடம். புது டூவீலர் விற்கும்போது ஒரு ஹெல்மெட் கூடவே கொடுக்கணும் என்று விதி இருக்கிறது. நான் போய் நின்ற ஒரு ஷோரூமில் (பேர் வேண்டாம்) சின்னத் தலைக்கு இருக்கா என்று கேட்டேன். "அதெல்லாம் யாரும் கேக்கிறதில்ல சார்" என்று பதில். சரிதான், நாம் கேட்கவில்லை. சீட் கவர் கேட்கிறோம், மேட் கேட்கிறோம், எலுமிச்சம்பழம்கூடக் கேட்கிறோம். இனிமேல் பிள்ளைக்கு ஒரு ஹெல்மெட் கேளுங்க. பத்து பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குக் கடையில் இருக்கும்.

"சரி, அவனுக்கே ஒரு குட்டி பைக் வாங்கிக் கொடுத்துட்டா?" என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கால்வாய்க் கரை ஊருக்குப் பொது. பொது இடத்தில் வயசாகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றமானால், 2019 திருத்தப்படி பெற்றவருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை ஜெயிலும் உண்டு. தண்டனையை விடுங்க. 2023 ஆகஸ்ட் 5-ம் தேதி சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் பதிமூன்று வயசுப் பையன் ஒருவன் விழுந்து இறந்துபோனான். பழகிய ரேஸ்காரன், ஹெல்மெட்டோடு ஓடியவன், டாக்டரும் ஆம்புலன்ஸும் பக்கத்தில் நின்ற இடம். நம்ம கரையில் யார் நிற்பார்கள்? கொக்குதான் நிற்கும்.

ஆகவே, வண்டி எடுக்கப் போகிறீர்களா? பிள்ளையையும் கூட்டிப் போங்க. ஸ்டாண்ட் போட்ட வண்டியில் பின்னால் உட்கார வையுங்க. பாதம் முழுசாக ஃபுட்ரெஸ்ட்டில் பதியுதா? கைக்குப் பிடி இருக்கா? சக்கரத்தில் சேலையும் காலும் சிக்காமல் காவல் தகடு பாதிச் சக்கரத்தை மறைக்குதா? (இந்த மூன்றையும் கம்பெனியே வைக்கணும் என்பது சட்டம்.) சைலன்ஸர் அவன் கெண்டைக்காலைத் தொடாமல் இருக்கா? அப்புறம் நீங்க உட்காருங்க. இரண்டு பாதமும் தரையில் பதியணும். பள்ளத்தில் வண்டி சாய்ந்தால் அந்தப் பாதம்தான் பிள்ளைக்குக் காவல். இதில் ஒன்று இல்லையென்றாலும் அந்த வண்டி உங்களுக்கு வேண்டுமானால் ஆகும், பிள்ளைக்கு ஆகாது.

நண்பர் மறுநாள் பயலையும் கூட்டிக்கொண்டு ஷோரூமுக்குப் போயிருக்கிறார். சாயங்காலம் போன் வந்தது.

"அண்ணாச்சி, ஒரு ஜாண் எட்டல."

"பொறவு?"

"பொறவு என்ன, வண்டி எடுக்கல. பய அழுதான். சைக்கிள் ஹெல்மெட் ஒண்ணு வாங்கிக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கிட்டு வீட்டுக்குள்ளேயே திரியுதான், கழட்டவே மாட்டேங்கான்."

"சரி, கால்வாய்க் கரைக்கு?"

"நடந்து போனோம்" என்றார்.