தூக்கத்திலுமா பேதம்?

ஆகாய விமானம் விழுந்து மக்கள் மாண்டால் உடனே இரண்டு பேச்சுக் கிளம்புவது வழக்கம். ஒன்று "அவர்கள் தலைவிதி" என்பது. மற்றொன்று "ஓட்டினவன் தப்பு" என்பது. இந்த இரண்டு பேச்சிலும் தப்பித்துக் கொள்ளுகிறவன் முதலாளி ஒருவனே.

அமெரிக்காவில் நடந்ததைப் பார்ப்போம். 2009 பிப்ரவரி 12-ந் தேதி இரவு, நியூவார்க்கிலிருந்து சென்ற கோல்கன் கம்பெனி விமானம் பஃபலோ நகருக்கருகில் ஒரு வீட்டின் மேல் விழுந்து, விமானத்திலிருந்த 49 பேரும் வீட்டிலிருந்த ஒருவரும் மாண்டார்கள். வேகம் குறைந்து எச்சரிக்கை வந்தபோது, முன்னே தள்ள வேண்டிய பிடியைக் கேப்டன் பின்னே இழுத்ததே காரணம் என்றார்கள் விசாரணைச் சபையார். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கேப்டன் முந்திய இரவு படுத்திருந்த இடம் எது? விமான நிலையத்துச் சிப்பந்திகள் அறை! துணை விமானியான பெண்ணோ, சியாட்டிலிலிருந்து இரவெல்லாம் விமானம் மாறி வந்து காலையில் இறங்கினவர். உடம்பும் சரியில்லை. வீட்டிலிருந்தால் வந்தேயிருக்க மாட்டேன், இங்கே வந்தபின் லீவு சொன்னால் ஓட்டல் செலவு என் தலையில் விழும் என்ற கருத்தில் அவர் பேசியது விமானத்தின் ஒலிப்பதிவிலேயே இருக்கின்றது. களைப்பு எவ்வளவு கெடுத்தது என்று அளந்து சொல்ல முடியாது என்றார்கள் சபையார். இருக்கட்டும். ஓட்டல் வாடகைக்கு அஞ்சும் நிலையில் ஒருவரை வைத்து, 45 பிரயாணிகளின் உயிரை அவரிடம் ஒப்புவித்தது யார் என்பதே நமது கேள்வி.

இதன் பிறகுதான் 2010-இல் சட்டம் பிறந்தது. 2011 கடைசியில் வெளியாகி 2014 ஜனவரியில் அமலுக்கு வந்த விதிப்படி, விமானிக்கு வேலைக்கு முன் 10 மணி ஓய்வு வேண்டும். "களைத்திருக்கிறேன்" என்று அவர் சொல்லிவிட்டால் கம்பெனி அவரை ஓட்ட விடக் கூடாது. நல்ல விதி. ஆனால் சரக்கு விமானங்களுக்கு மட்டும் விலக்கு! ஏன்? செலவையும் பலனையும் நிறுத்துப் பார்த்தார்களாம், செலவே கனத்ததாம். சரக்கு மூட்டையோடு போகிறவனுக்குத் தூக்கம் வராதா? அந்த விமானம் விழுந்தால் கீழேயுள்ள வீடும் சரக்குக் கணக்கில் சேருமா?

2013 ஆகஸ்ட் 14-ந் தேதி விடியுமுன், யு.பி.எஸ். கம்பெனியின் சரக்கு விமானம் பர்மிங்ஹாமில் இறங்கும்போது விழுந்து, விமானிகள் இருவரும் மாண்டார்கள். புறப்படுமுன் அவ்விருவரும் பேசிக் கொண்டதே இந்த விலக்கைப் பற்றித்தான். எல்லோருக்கும் ஒரே பாதுகாப்பு வேண்டாமா என்று பேசியிருக்கின்றார்கள். அந்த விலக்கே அவர்களைக் கொன்றது என்று நாம் சொல்ல வரவில்லை. துணை விமானி தமது ஓய்வு நேரத்தைச் சரியாய்ப் பயன்படுத்தவில்லை என்றும் விசாரணையில் கண்டார்கள். எனினும் களைப்பு அதில் ஒரு பங்கு என்பது முடிவான சங்கதி.

சோம்பேறிகள் பொய்ச் சாக்குச் சொல்லுவார்களே என்பர் சிலர். பொய் சொல்லி நின்றவனால் ஒரு பிரயாணம் கெடும். மெய்யை மறைத்து ஏறினவனால் எத்தனை குடும்பம் கெடும்?

ஆகவே "விமானி மனச்சாட்சிப்படி நடக்கட்டும்" என்று உபதேசிப்பது மட்டும் போதாது. "முடியாது" என்று சொன்னவனுக்கு ஒரு காசு சம்பளமும் குறையாது, வேலையும் போகாது என்று ஏற்படட்டும். அதிலும் பிரயாணிக்கு ஒரு நீதி, சரக்குக்கு ஒரு நீதி கூடாது. அதுவரை, யோக்கியதையைத் தொழிலாளி தலையிலும் லாபத்தை முதலாளி பெட்டியிலும் வைக்கின்ற ஏற்பாடு என்றே இதைச் சொல்லுவோம்.