பிளெக்ஸ் புகமுடியாத பலகை! பெயிண்டர்களுக்கு அந்த வேலை கிடைக்குமா?

கடை போர்டு எழுதும் பெயிண்டர்களை இப்போது தேடிப் பிடிக்க வேண்டி இருக்கிறது. உத்திரமேரூரை அடுத்த திருப்புலிவனம் பக்கம் போனாலும் சரி, சென்னையில் நின்று பார்த்தாலும் சரி, கடைக்குக் கடை பிளெக்ஸ்தான் தொங்குகிறது.

2000ம் ஆண்டுக்குப் பிறகு பிளெக்ஸ் வந்தது. சினிமா பேனர் போச்சு. கட்சி பேனர் போச்சு. மளிகைக் கடை போர்டும் போச்சு. பிரஷ் பிடித்த கை, வீட்டுக்கு வெள்ளை அடிக்கப் போய்விட்டது.

ஆனால், பிளெக்ஸ் ஒட்ட முடியாத ஒரு பொருள் நம் கடற்கரையிலேயே இருக்கிறது. அதுதான் அலைச்சறுக்கு பலகை. சர்பிங் போர்டு என்கிறார்களே, அதுதான்!

"வெள்ளைக்காரன் விளையாட்டு, நமக்கு என்னய்யா?" என்று கேட்கலாம். அந்தக் காலம் போய்விட்டது.

கோவளத்தில் மீனவர் மூர்த்தி மேகவன் 2012ல் அலைச்சறுக்கு பள்ளி தொடங்கினார். 2023 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் சர்வதேசப் போட்டி நடந்தது. 2025 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஷிப் போட்டியும் அங்கேயே நடந்தது. அதில் ரமேஷ் புதிஹால் வெண்கலப் பதக்கம் வாங்கினார். இது ஒலிம்பிக்கில் இருக்கும் விளையாட்டு.

விளையாட்டு வளர்ந்தால் பலகை பெருகும். பலகை பெருகினால், "என் பலகை தனியாகத் தெரியணும்" என்ற ஆசையும் வரும். நம்ம ஆட்டோவுக்குப் பின்னால் படம் வரைகிற அதே ஆசைதான்.

வெளிநாட்டில் இது பெரிய தொழில். 1970களில் ஆஸ்திரேலியாவில் 'ஹாட் பட்டர்டு' கம்பெனி பலகைகளில் மார்ட்டின் வொர்திங்டன் என்ற ஓவியர் காற்றுத் துப்பாக்கியால் வரைந்த படங்களுக்கு இன்றும் மவுசு உண்டு. அமெரிக்காவில் டுரூ புரோபி என்பவர் பெயிண்ட் பேனாவாலேயே பலகைகளில் வரைந்து பேர் வாங்கினார். அவர்கள் கையில் இருப்பது நம்ம பெயிண்டர் கையில் இல்லாத மந்திரமா? இல்லவே இல்லை!

தெரிய வேண்டியது மூன்று வழி!

பலகையின் உள்ளே இருப்பது நுரை. அதன் மேல் கண்ணாடி இழைத் துணி. அதற்கு மேல் ரெசின். மீனவர்களின் பைபர் படகு செய்கிற அதே சங்கதிதான். படம் வரைய மூன்று வழி உண்டு.

முதல் வழி, நுரை மேலேயே வரைவது. பலகையைச் சீவித் தேய்த்த பிறகு, ரெசின் பூசும் முன் வரைய வேண்டும். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணம்தான் நல்லது. மெல்லிசாக, கோட் கோட்டாக அடிக்க வேண்டும். தடிப்பாக அடித்தால் ரெசின் சரியாகப் பிடிக்காது, பலகையும் கனத்துவிடும். ஓரம் கத்தி மாதிரி வர டேப் ஒட்டிக்கொள்ளலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சில பலகைகளின் நுரை வேறொன்றும் இல்லை, தெர்மோகோல் ஜாதி. தெர்மோகோலில் தின்னர் ஊற்றினால் என்ன ஆகும்? உருகி ஓடிவிடும்! டப்பா ஸ்பிரே அடித்தால் பலகையும் அப்படித்தான். ஒரே நிமிடத்தில் குழி விழும். பலகைக்காரர் சும்மா விடமாட்டார்.

இரண்டாவது வழி, காகிதம் அல்லது துணி. மெல்லிசான காகிதத்தில் படத்தை அச்சடித்து, கண்ணாடி இழைக்கு அடியில் வைத்து ரெசின் ஊற்றுவார்கள். ஊறியதும் காகிதம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். படம் மட்டும் நிற்கும். பூப்போட்ட மெல்லிய பருத்தித் துணியையும் இப்படிப் பதிக்கலாம். ரெசின் பட்டதும் நிறம் கொஞ்சம் அழுத்தமாகும், அவ்வளவுதான். நம்ம ஊர் சுங்குடித் துணி ஒன்றை அந்த இடத்தில் நினைத்துப் பாருங்கள்!

மூன்றாவது வழி, முடிந்த பலகை மேல் வரைவது. புது ஆள் தொடங்க இதுதான் சுலபம். வழுக்காமல் இருக்க மேல் பக்கம் மெழுகு தடவி இருப்பார்கள். அதை முழுக்கச் சுரண்டித் துடைக்க வேண்டும். 320 நம்பர் வாட்டர் பேப்பரால் தேய்த்து மினுமினுப்பை எடுக்க வேண்டும். பிறகு அக்ரிலிக் வண்ணமோ, பெயிண்ட் பேனாவோ கொண்டு வரைந்து, நன்றாகக் காயவிட்டு, மேலே வார்னிஷ் மாதிரி கிளியர் கோட் அடிக்க வேண்டும். கடை போர்டுக்குப் போடும் எனாமல் இங்கே ஒத்துவராது. கனம் அதிகம், காயவும் நாளாகும்.

இன்னும் இரண்டு விஷயம். மேல் பக்கம் வரைந்தால் மெழுகு மறைத்துவிடும். அடிப்பக்கம் வரைந்தால், பலகையைத் தூக்கிப் பிடிக்கும்போது ஊரே பார்க்கும். கருப்பு, கருநீலம் என்று முழுப் பலகையும் அடிக்கவும் கூடாது. நம்ம வெயிலில் அது சூடேறி, மேல் தோல் உரிந்து கிளம்பிவிடும்.

கடல் எங்கே, திருப்புலிவனம் எங்கே?

இப்படிக் கேட்பவர்கள் உண்டு. படம் வரைய அலை தேவை இல்லை. ஒரு கொட்டகை போதும். பலகை பஸ் ஏறாவிட்டாலும் வேன் ஏறும்.

திருப்புலிவனம் வியாக்ரபுரீஸ்வரர் கோவில், புலிக்கால் முனிவர் வழிபட்ட தலம் என்பது ஐதீகம். ஊர்ப் பேரிலேயே புலி இருக்கிறது. அந்த ஊர் பெயிண்டர் ஒருவர் பலகையில் ஒரு புலியை வரைந்தால், அதற்கு ஈடாக எந்தக் கம்ப்யூட்டர் படம் நிற்கும்?

ஆயிரம் பேருக்கு வேலை கிடைக்கும் என்று கதை விடவில்லை. வெளியில் இருந்து வரும் பலகைகள் பாதி அச்சுப் படத்தோடேயே வருகின்றன. பழகுபவர்களுக்குத் தரும் மெத்தென்ற பலகையில் பெயிண்டும் நிற்காது. ஆனால் உடைந்து ஒட்டுப் போட்ட பலகை எல்லா ஊரிலும் உண்டு. அந்த ஒட்டை மறைக்கப் படம் வேண்டும். பள்ளிகளுக்குப் பேரும் நம்பரும் எழுத வேண்டும். அழகாக எழுத்து எழுதுவதில் நம்ம பெயிண்டரை யார் மிஞ்ச முடியும்? தொடக்கத்துக்கு இது போதும். இதே கைப்பழக்கம் பைபர் படகுக்கும் ஹெல்மெட்டுக்கும் உதவும்.

ஒன்றை மட்டும் விட்டுவிடக் கூடாது. ரெசின் நெடியும் தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூளும் நெஞ்சுக்கு ஆகாது. மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு செய்கிற வேலை இல்லை இது. நெடி தடுக்கும் முகமூடியும் கையுறையும் வேண்டும். வேலை கொடுப்பவர்தான் அதையும் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

அரசு என்ன செய்யலாம்?

2009ல் சென்னை மாநகராட்சி, அண்ணாசாலைச் சுவர்களில் படம் வரையச் சொன்னது. பேனர் வரைந்தவர்களுக்கு அன்று வேலை கிடைத்தது. அந்த மாதிரி ஒரு கை இப்போதும் வேண்டும்.

தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம், பெயிண்டர்களுக்கு கோவளத்திலோ மாமல்லபுரத்திலோ பத்து நாள் வகுப்பு வைக்கலாம். போகவர பஸ் காசும், அந்தப் பத்து நாள் கூலியும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கூலியை விட்டுவிட்டுப் படிக்க வா என்றால் எவன் வருவான்?

விளையாட்டு ஆணையம் இன்னொன்று செய்யலாம். அடுத்த போட்டியின் வரவேற்பு பலகைகளைக் கையால் வரையச் சொல்லட்டும். கடற்கரை விளையாட்டுக்கு பிளெக்ஸ் கட்டி, அது கிழிந்து கடலில் மிதப்பதை யார் கேட்டார்கள்?

பிரஷ் பிடித்த கை இன்னும் நடுங்கவில்லை. பலகையும் வாசல் வரை வந்துவிட்டது. நடுவில் பத்து நாள் பாடம்தான் பாக்கி. சொல்லித்தர அரசு முன்வருமா?