இரவல் சேலையும் இடுப்புக் கந்தையும்

ஊரிலே வியாபாரம் செய்தவர்களுக்கு விளம்பரம் என்றொரு தனி வேலை இருந்ததில்லை. பாண்காரரின் சைக்கிள் ஹோர்ன் ஒழுங்கை முடக்கில் ஒலித்ததும் சிறுவர்கள் படலையடிக்கு ஓடிவந்துவிடுவர். எந்த வீட்டுக்கு எத்தனை இறாத்தல், எந்த வீட்டில் பணிஸ் கேட்டு அழும் பிள்ளை உண்டு, யார் மாத முடிவில் காசு கொடுப்பவர் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். புலம்பெயர்ந்து இலண்டன் வந்த பின்னர் எமது கடைக்காரர்கள் நாட்காட்டியைத் துணைக்கு அழைத்தனர். ஆண்டு பிறக்குமுன் திதியும் நட்சத்திரமும் விரத நாட்களும் அச்சிட்ட நாட்காட்டியொன்று வாடிக்கையாளரின் பைக்குள் சேர்ந்துவிடும். அது சமையலறைச் சுவரில் ஓராண்டு முழுவதும் தொங்கும். சதுர்த்தி எப்போது என்று பார்க்கும் இல்லத்தரசியின் கண்ணில் கடையின் பெயரும் பட்டுக்கொண்டேயிருக்கும்.

இன்று அந்தச் சுவரின் இடத்தைக் கைத்தொலைபேசியின் கண்ணாடித் திரை பிடித்துக்கொண்டுள்ளது. முகநூல் 2004 ஆம் ஆண்டிலும், வட்ஸ்அப் 2009 ஆம் ஆண்டிலும், இன்ஸ்டகிராம் 2010 ஆம் ஆண்டிலும் தோன்றின. முகநூல் நிறுவனம் 2012 இல் இன்ஸ்டகிராமையும் 2014 இல் வட்ஸ்அப்பையும் விலைகொடுத்து வாங்கியது. எனவே எமது வீடுகளில் நாளாந்தம் புழங்கும் இம்மூன்றும் ஒரே உரிமையாளரின் கையில் உள்ளன என்பதை முதலில் மனங்கொள்ள வேண்டும். சிறு வியாபாரிகளுக்கெனத் தனியான வட்ஸ்அப் செயலி ஒன்றும் 2018 தை மாதத்தில் வெளிவந்தது. பொருட்களின் படத்தையும் விலையையும் அதில் அடுக்கிவைக்கலாம், கட்டணம் இல்லை.

இவற்றால் எம்மவர் அடைந்த நன்மை சிறிதன்று. கடைக்கு முற்பணம், வாடகை, பெயர்ப்பலகை என்று எதுவுமின்றி, வீட்டின் ஒரு மூலையிலிருந்தே தொழிலொன்றைத் தொடங்க முடிகின்றது. ஊரில் பெற்ற கல்விச் சான்றிதழை இங்கு எவரும் மதிக்காத நிலையில், கைத்தொழில் ஒன்றையே நம்பி நிற்கும் தாய்மார் பலர். சேலைக்குச் சட்டை தைப்பவர்கள், பிறந்தநாள் கேக் செய்பவர்கள், மாலை கட்டுபவர்கள், பலகாரம் சுடுபவர்கள் ஆகியோர் தமது கைவண்ணத்தை ஊரறியச் செய்ய இன்று ஒரு படம் போதும். ஈஸ்ற்ஹாமில் இருப்பவர் செய்ததை ஹரோவில் இருப்பவர் அடுத்த நிமிடமே காண்கின்றார்.

ஆயினும் இவ்வாரம் நாம் எழுத முற்பட்டது அந்த நன்மையைப் பாடுவதற்காக அன்று. எமக்குத் தெரிந்த தாயொருவருக்கு நேர்ந்ததைச் சொல்வதற்காகவே. தம் பெயரைக் குறிப்பிட வேண்டாமென்றும், ஆனால் மற்றவர்கள் ஏமாறாதிருக்க இதனைக் கட்டாயம் எழுதுமாறும் அவரே எம்மிடம் கேட்டுக்கொண்டார்.

தென் இலண்டனில் வாழும் அவர், அகதி அந்தஸ்துக் கிடைத்த பின்னர் வீட்டிலிருந்தே பயற்றம் பணியாரமும், சீப்புப் பலகாரமும், எள்ளுருண்டையும், முறுக்கும் செய்து விற்கத் தொடங்கினார். மகளின் நண்பிகளுடைய தாய்மார் சிலரே முதல் வாடிக்கையாளர்கள். படிப்படியாக எண்ணிக்கை 80 ஐத் தாண்டியது. அனைவரையும் வட்ஸ்அப் குழுவொன்றில் சேர்த்திருந்தார். பலரது இலக்கங்களைப் பெயரிட்டுத் தம் கைத்தொலைபேசியில் பதிந்துவைக்கவில்லை. குழுவில் இருக்கின்றனதானே என்று இருந்துவிட்டார். எனினும் பழைய பழக்கம் ஒன்றை அவர் கைவிடவில்லை. மகளின் பாடசாலைக் கொப்பியொன்றில் வாங்குபவரின் பெயர், தொலைபேசி இலக்கம், வாங்கிய பொருள், எந்த வீட்டுப் பிள்ளைக்குக் கடலை ஒத்துக்கொள்ளாது என்பன யாவற்றையும் எழுதிவந்தார். இந்தக் காலத்தில் இது எதற்கு என்று பிள்ளைகள் கேலிசெய்ததுண்டு.

தைப்பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கையில், அறிந்த ஒருவரின் இலக்கத்திலிருந்து அவருக்கு ஒரு செய்தி வந்தது. தவறுதலாக ஆறிலக்க எண் ஒன்று உங்களுக்கு வந்துவிட்டது, அதனை எனக்கு அனுப்பிவிடுங்கள் அன்ரி என்று எழுதப்பட்டிருந்தது. அடுப்பில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்த வேளை. அவர் யோசியாமல் அனுப்பிவிட்டார். அந்த அறிந்தவரின் கணக்கு ஏற்கெனவே திருடப்பட்டிருந்தது. அனுப்பிய எண்ணோ இவரது வட்ஸ்அப் கணக்கைத் திறக்கும் திறப்பு. சில நிமிடங்களில் அவரது கணக்கு வேறொருவர் கைக்குப் போய்விட்டது. திருடன் அதற்கு ஓர் இரகசிய இலக்கத்தையும் இட்டுவிட்டமையால், மீளப் பெறுவதற்கு ஏழு நாட்கள் காத்திருக்க நேர்ந்தது. அதற்குள் அவர் உருவாக்கிய அதே குழுவிலிருந்த இலக்கங்களுக்கெல்லாம், அவரது பெயரிலேயே, அவசரமாகப் பணம் தேவை என்ற செய்தி பறந்தது. இருவர் இரக்கப்பட்டு அனுப்பினர். மொத்தம் 350 பவுண்கள்.

முதல் நாள் இரவு தாம் அழுததாக அவர் எம்மிடம் கூறினார். பணம் போனதற்காக அன்று. தமது பெயரில் பிச்சை கேட்கப்பட்டதே என்பதற்காக. மறுநாள் காலை அந்தக் கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் சாதாரண தொலைபேசி அழைப்பில் அழைத்தார். “நான்தான் கதைக்கிறன். என்ர குரல் தெரியுதுதானே? காசு கேட்டு ஏதும் வந்தால் அனுப்பாதேங்கோ. பலகாரம் சொன்ன நாளுக்கு வரும்.” இரண்டு மாலைப் பொழுதுகளில் அனைவரையும் அழைத்து முடித்தார். பொங்கலுக்கு ஒப்புக்கொண்ட பலகாரத்தில் ஒரு பெட்டிகூடக் குறையவில்லை. பணம் அனுப்பி ஏமாந்த இருவருக்கும் தாமே திருப்பிக் கொடுக்க முன்வந்தார். ஒருவர் பகுதி பகுதியாகப் பெற்றுக்கொண்டார். மற்றவர் பெற மறுத்து, வருடப்பிறப்புக்குப் பலகாரம் மட்டும் தந்தால் போதும் என்றாராம்.

இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம் என்பது எமது முன்னோர் மொழி. சமூக வலைத்தளம் இரவல் சேலை. பகட்டானது, அணிந்து சபைக்குப் போகலாம். ஆனால் உரியவர் எவ்வேளையிலும் திருப்பிக் கேட்கலாம். அந்தத் தாயின் கொப்பியோ இடுப்புக் கந்தை. பார்வைக்கு எளியது, மானத்தைக் காத்தது அதுவே.

இது மிகைப்படக் கூறுவதன்று. ஒருகாலத்தில் எமது இளைஞர்கள் பலர் கூடியிருந்த ஓர்குட் என்ற தளம் 2004 இல் தொடங்கி 2014 இல் மூடப்பட்டது. கூகிள் பிளஸ் 2019 இல் மூடப்பட்டது. 2021 ஒக்டோபர் 4 ஆம் திகதி முகநூலும் இன்ஸ்டகிராமும் வட்ஸ்அப்பும் ஏறத்தாழ ஆறு மணிநேரம் உலகெங்கும் ஒருசேர முடங்கின. அன்று அவற்றை மட்டுமே நம்பியிருந்த சிறு வியாபாரிகள், தம் வாடிக்கையாளர் யாரென்றே அறியாதவர்களாய் நின்றனர். அன்றியும், முகநூல் பக்கத்தை ஆயிரம் பேர் விரும்பினாலும், நாம் இடும் பதிவு அந்த ஆயிரம் பேரையும் சென்றடைவதில்லை. யாருக்குக் காட்டுவது என்பதை நிறுவனத்தின் கணிப்பொறியே தீர்மானிக்கின்றது. கூடுதலானோருக்குக் காட்ட விளம்பரப் பணம் கேட்கின்றது. விருப்புக் குறிகளைக் கொண்டு ஒரு கிலோ உழுந்தும் வாங்க முடியாது.

ஆகவே இவற்றைப் பயன்படுத்துங்கள், ஆனால் குடியிருக்காதீர்கள் என்பதே எமது கருத்து. வாடிக்கையாளர் விபரத்தைக் கடதாசியில் எழுதிவையுங்கள். அக்கொப்பியைப் பூட்டிவைப்பதும் உங்கள் கடமையே. எவர் கேட்டாலும் ஆறிலக்க எண்ணைக் கொடுக்காதீர்கள். வட்ஸ்அப் அமைப்பில் இரட்டைச் சரிபார்ப்பு என்ற பூட்டு உண்டு. உங்களுக்கான இரகசிய இலக்கத்தைத் திருடன் இடுமுன் நீங்களே இட்டுவிடுங்கள். பிள்ளைகளைக் கொண்டு செய்தால் ஐந்து நிமிட வேலை.

வாடிக்கையாளர்களைக் குழுவில் சேர்க்கும்போது ஒருவரது இலக்கத்தை மற்றவர் காண்கின்றார் என்பதையும் மறந்துவிடலாகாது. ஊரைவிட்டு ஓடிவந்தவர்கள் நாம். தம் இலக்கம் எவர் கைக்கும் போகக் கூடாதென்று அஞ்சுபவர்கள் எம்மிடையே உள்ளனர். அவர்கள் முறுக்கு வாங்கத்தான் இலக்கம் தந்தனர். ஊருக்குப் பகிர அன்று. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பட்டியல் முறை வட்ஸ்அப்பிலேயே உண்டு. அதில் ஒருவரை மற்றவர் காண்பதில்லை. உங்கள் இலக்கத்தைத் தம் தொலைபேசியில் பதிந்துவைத்தவர்களுக்கே அது சென்றடையும் என்பதால், முதலில் பதிந்துகொள்ளுமாறு அவர்களிடம் கேளுங்கள். அவ்வாறே உங்கள் வீட்டு முகவரியையும், பிள்ளைகளின் பாடசாலை உடையையும் விளம்பரப் படத்தில் காட்டாதீர்கள். பகுதியின் பெயர் போதும்.

சட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வலைத்தளத்தில் இடும் ஒவ்வொரு படமும் திகதியிட்ட சாட்சி. உணவு விற்பவர்கள் தொழிலைத் தொடங்குவதற்கு 28 நாட்களுக்கு முன்னரே உள்ளூர் நகரசபையில் பதிவு செய்தல் வேண்டும். பதிவு இலவசம், மறுக்கப்படுவதுமில்லை. ஒவ்வாமை தரும் 14 வகைப் பொருட்களுள் எவை உங்கள் உணவில் உள்ளன என்பதை வாங்குமுன்னரும் கையளிக்கும்போதும் தெரிவித்தல் வேண்டும். எமது பலகாரங்களில் சேரும் எள்ளு, நிலக்கடலை, முந்திரி, கோதுமை, பால், கடுகு யாவும் அப்பட்டியலில் அடங்கும். 2016 இல் பாணில் எள்ளு கலந்திருந்ததை அறியாது உண்ட 15 வயதுச் சிறுமி ஒருத்தி உயிரிழந்தமை இந்நாட்டை உலுக்கியது. அதன் பயனாகப் பொதிசெய்த உணவுக்கான சட்டம் 2021 ஒக்டோபரில் இறுக்கப்பட்டது. எள்ளுருண்டையின் படத்தின் கீழே எள்ளு என்று எழுதுவது வீண் வேலையன்று. மேலும், இதனை எழுதும் வேளையில், ஒரு வரி ஆண்டில் 1000 பவுண்களுக்கு மேல் விற்பனை வரவு இருப்பின் வருமானவரித் திணைக்களத்துக்கு அறிவித்தல் வேண்டும். இத்தொகை மிஞ்சிய இலாபத்தையன்று, கைக்கு வந்த முழுவதையும் குறிக்கும்.

இன்னொன்றை மனவருத்தத்தோடு கூறுகின்றோம். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு கிடைக்காது காத்திருப்போருக்கு இந்நாட்டில் சுயதொழில் செய்ய அனுமதி இல்லை. 12 மாதங்களுக்கு மேல் காத்திருந்தவர்கள் வேலை அனுமதி கேட்கலாமாயினும், அது குறிப்பிட்ட சில வேலைகளுக்கே உரியது. சுயதொழில் அதில் அடங்காது. அரசு தரும் சிறு தொகையில் குடும்பத்தை நடத்தும் துன்பத்தை நாம் அறியாதவர்கள் அல்லர். ஆயினும் கேக்கின் படமொன்றை விலையுடன் முகநூலில் இடுவது, உங்கள் வழக்குக்கு எதிரான சாட்சியை நீங்களே எழுதிக்கொடுப்பதாகும். முதலில் உங்கள் சட்டத்தரணியிடம் கேளுங்கள். உங்களுக்கு அனுமதியில்லை என்று தெரிந்தும் தம் கடையின் பதிவுகளை உங்கள் பெயரில் இடச் சொல்லும் உறவினர்க்கு இல்லை என்று சொல்லப் பழகுங்கள்.

விளம்பரத்தின் முறை கடினமானதன்று. பகல் வெளிச்சத்தில், உங்கள் கையால் செய்த பொருளையே படம் எடுங்கள். பிறர் படத்தை எடுத்து இடுபவரின் முதல் வாடிக்கையாளரே அவருடைய கடைசி வாடிக்கையாளராகிவிடுகின்றார். விலையையும், எப்போது ஆயத்தமாகும் என்பதையும் எழுதுங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். தமிழ் வாசிக்கத் தெரியாத எமது பிள்ளைகளும் அயல்வீட்டாரும் நாளைய வாடிக்கையாளர்கள். குறை சொல்பவருக்குப் பலர் முன்னிலையில் பதிலுக்குப் பதில் எழுதாது, தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள்.

அந்தத் தாய்க்குக் கணக்கு ஏழு நாட்களின் பின் திரும்பக் கிடைத்தது. இப்போதும் அவர் வட்ஸ்அப்பில் படம் அனுப்புகின்றார். ஆனால் குழுவைக் கலைத்துவிட்டார். கொப்பி நிறைந்துவிட்டபடியால் புதிய கொப்பியொன்று வாங்கியுள்ளார். அதற்கு உறை போட்டுக் கொடுத்தது, முன்னர் கேலிசெய்த அதே மகள்தான். பாண்காரருக்கு மனப்பாடமாக இருந்ததை அவர் எழுதிவைத்திருக்கின்றார், வேறுபாடு அவ்வளவே. எத்தனை தளங்கள் வந்து போனாலும், என்ர குரல் தெரியுதுதானே என்று கேட்கும்போது, ஓம் தெரியும் என்று மறுமுனையில் ஒருவர் சொல்ல வேண்டும். எம்மவர் வியாபாரத்தின் முதல் அதுவே. அதனை எந்த நிறுவனத்திடமும் அடகு வைக்காதிருப்போமாக.