அடுப்பு மூட்டாத தட்டம்

டிசம்பர் இருபது தாண்டினால் ஈஸ்ட்ஹாமில் இருந்து ஹரோ வரைக்கும் எங்கட சனத்தின் வீடுகளில் ஒரே மணம்தான். பொரித்த எண்ணெய் மணம். ரோல்ஸ், கட்லட், உளுந்து வடை, பிள்ளைகள் கேட்டார்கள் என்று இடையில் கோழிக்கால். யன்னலைத் திறந்தால் குளிர், பூட்டினால் புகை. புகை அலாரம் கத்தும், அதற்குக் கீழே ஒரு சின்னப்பெடியன் துவாயால் விசுக்கிக்கொண்டு நிற்பான். முன்னறையில் ஆம்பிளையள் இருந்து நாட்டு நடப்புக் கதைப்பார்கள். குசினியில் பொம்பிளையள் நிற்பார்கள். அவர்கள் இருக்கிறார்கள், இவர்கள் நிற்கிறார்கள். இந்த இரண்டு சொல்லையும் வேண்டுமென்றுதான் எழுதுகிறேன்.

என் அபிப்பிராயத்தை முதலே சொல்லிவிடுகிறேன், பிறகு திட்டுகிறவர்கள் திட்டலாம். கிறிஸ்மஸ் பின்னேரம் வீட்டுக்கு வருகிற சனத்துக்கு அடுப்பு மூட்டிப் பலகாரம் செய்யக்கூடாது. ஒரு பெரிய தட்டத்தில் வெட்டி அடுக்கி வைக்கிற சாமான் போதும். தேத்தண்ணி மட்டும் விதிவிலக்கு. கேத்தில் அடுப்பு இல்லை.

ஏன் அந்த ஒரு நாள்? லண்டன் முழுக்க நிற்கிற நாள் வருடத்தில் அது ஒன்றுதான். நிலக்கீழ் ரயில் இல்லை, பஸ் இல்லை. 280 சதுர மீற்றருக்கு மேற்பட்ட கடைகள் அன்றைக்குத் திறக்கக்கூடாது என்று 2004ஆம் ஆண்டு சட்டமே போட்டார்கள். (சின்னக் கடைகளுக்கு அந்தத் தடை இல்லை. அதனால் பிள்ளையின் விளையாட்டுச் சாமானுக்கு பற்றரி தேடி ஓடிவரும் வெள்ளைக்காரத் தகப்பன்மாரை எங்கட தமிழ்க் கடை முதலாளிமார் அன்றும் வரவேற்பார்கள். அது வேறு கதை.) ஆனால் எங்கட பெண்களில் எத்தனை பேருக்கு அந்த நாள் நிற்கிறது? என் மச்சாள் முதியோர் இல்லம் ஒன்றில் இரவு வேலை. ஒருமுறை இருபத்தைந்தாம் திகதி காலை எட்டு மணிக்கு வேலை முடிந்து வந்தவ, பத்து மணிக்குத் தாச்சியில் எண்ணெய் விட்டுவிட்டா. கேட்டால், "சனம் வருகுதெல்லே" என்றா. சனம் வந்து தின்றது. ரோல்ஸ் திறம் என்றது. அவ சோபாவின் கரையில் இருந்தபடியே நித்திரையாகிப் போனா. அந்த வருடத்துக்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் இந்தத் தட்டம் வந்தது. அடுக்குகிறது நான். அடுப்பு இல்லை என்று ஆனபிறகு "எனக்குச் சமைக்கத் தெரியாது" என்ற சாட்டு எந்த ஆம்பிளைக்கும் இல்லை, பாருங்கள். கத்தி பிடிக்கத் தெரிந்தால் சரி.

"இதெல்லாம் வெள்ளைக்காரன்ர பழக்கம், எங்களுக்கு என்னத்துக்கு" என்று ஒரு பெரியப்பா கேட்டார். நல்ல கேள்வி. எனக்கென்றால் இது எங்கட பழக்கமாகத்தான் தெரிகிறது. வீட்டுக்கு வந்தவருக்கு முதல் நீட்டுவது வெத்திலைத் தட்டம். அதில் எதைச் சமைத்தார்கள்? சித்திரை வருடப்பிறப்புக்குச் சிங்களச் சனம் நோனகதே நேரத்தில் அடுப்பை அணைத்துவிட்டுச் சும்மா இருக்கும். கொக்கிஸும் கவுமும் நாலு நாளுக்கு முதலே சுட்டு வைத்தவை. கொழும்பில் பறங்கியர் கிறிஸ்மஸுக்கு புரூடர் என்ற கேக் பாணை வெட்டி, மேலே எடம் சீஸ் துண்டு வைத்துச் சாப்பிடுவார்கள். சிவப்பு மெழுகு பூசின அந்த உருண்டைச் சீஸ் ஒல்லாந்தர் கொண்டுவந்த பழக்கம். இலங்கையின் ரிச் கேக்கும் அப்படித்தான், வாரக்கணக்கில் முந்திச் செய்து, துண்டு துண்டாய்க் கடதாசியில் சுற்றி வைப்பது. வருகிறவருக்கு எடுத்துக் கொடுத்தால் சரி. பண்டிகை நாள் என்றால் அன்றைக்குத்தான் நெருப்புக்கு முன் நிற்கவேண்டும் என்று எங்கே எழுதிக் கிடக்கிறது?

இன்னொன்று. லண்டன் கிறிஸ்மஸ் தட்டத்தில் ராசா மாதிரி நடுவில் இருப்பது புகை போட்ட சமன் மீன். நாங்கள் ஊரில் சமன் என்று ரின்னுக்குள் கண்டது அவித்தது, இது அவிக்காதது. மெல்லிசாய் வெட்டி, எலுமிச்சம்புளி விட்டு, மண்ணிறப் பாணில் பட்டர் பூசி வைப்பார்கள். விலையைப் பார்த்தால் பரம்பரைப் பிரபுக்களின் சாப்பாடு என்று தோன்றும். ஆனால் லண்டனில் அதைத் தொழிலாக வளர்த்தது கிழக்கு ஐரோப்பாவில் இருந்து ஓடிவந்த யூதர்கள். ஒடெஸாவில் இருந்து வந்த ஹரி போர்மன் 1905இல் கிழக்கு லண்டனில் தொடங்கிய புகைக்கூடம் நூறு வருடம் தாண்டியும் அதே குடும்பத்தின் கையில் இருந்தது. முதலில் பால்ரிக் கடல் பக்கத்து மீனை உப்புத் தண்ணீர்ப் பீப்பாவில் இறக்கித்தான் புகை போட்டார்களாம். பிறகுதான் பில்லிங்ஸ்கேற் மீன் சந்தையில் ஸ்கொட்லாந்துச் சமனைக் கண்டார்கள். சேர்ப்பது உப்பும் ஓக் மரப் புகையும்தான். 2017இல் "லண்டன் கியூர்" என்ற பெயருக்கே ஐரோப்பிய புவிசார் பாதுகாப்புக் கிடைத்தது. ரவர் ஹம்லெற்ஸ், ஹக்னி, நியூஹாம் ஆகிய மூன்று பகுதிகளுக்குள் செய்தால்தான் அந்தப் பெயர் போடலாம். நியூஹாம் என்றால் எங்கட ஈஸ்ட்ஹாமும் மனோபார்க்கும் இருக்கிற இடம்! அகதியாக வந்தவன், தன் ஊர்க் கருவாட்டை விடமனமில்லாமல் செய்தது, இன்றைக்கு இந்த நாட்டின் கிறிஸ்மஸ் சாப்பாடு. பெரியப்பாவுக்கு இதைச் சொன்னேன். "அப்ப எங்கட கருவாடு எப்ப வரும்?" என்று கேட்டார். வரும், பெரியப்பா. கொஞ்சம் மணம் குறையவேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு இந்தச் சமைக்காத சாப்பாட்டுப் பக்கத்தைக் காட்டித்தந்தது வறுமைதான், நாகரிகம் இல்லை. நான் வந்தது 2000ஆம் ஆண்டு. அந்த ஏப்ரலில்தான் புகலிடம் கேட்டவர்களுக்குக் காசுக்குப் பதிலாக வவுச்சர் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். இருபத்தைந்து வயது தாண்டிய தனி ஆளுக்குக் கிழமைக்கு 36 பவுண்ஸ் 54 பென்ஸ். அதில் காசாக மாற்றக்கூடியது 10 பவுண்ஸ். மிச்சம் குறிப்பிட்ட கடைகளில் மட்டும் செல்லும். மிச்சக்காசு தரமாட்டார்கள். நாலு பவுண்ஸ் முப்பதுக்குச் சாமான் எடுத்து ஐந்து பவுண்ஸ் வவுச்சரை நீட்டினால் எழுபது பென்ஸ் கடைக்கு. அதனால் வவுச்சர்காரர் எல்லாரும் கூட்டல் கணக்கில் புலி. அறுபது, எழுபது பென்ஸை நிரப்ப ஏதாவது சின்னச் சாமான் தேடி அலைவோம். அப்படித்தான் செடார் சீஸில் சின்னத் துண்டு, கச்சான் பைக்கற், சற்சுமா தோடம்பழம், கிறீம் கிறேக்கர் எல்லாம் அறைக்கு வந்து சேர்ந்தன. அந்தக் கிறிஸ்மஸுக்கு நாலு பேர் இருந்த அறையில் அவற்றையெல்லாம் ஒரு பழைய பேப்பரில் பரப்பிவைத்துச் சாப்பிட்டோம். வாய்க்கு ருசியாகத்தான் இருந்தது. வரிசையில் நின்று, பின்னால் நிற்கிறவன் பெருமூச்சு விட, கூட்டிக் கழித்து வாங்கினது மட்டும் ருசிக்கவில்லை. எதிர்ப்பு வலுத்து 2002இல் அந்த முறையை நிறுத்தினார்கள்.

சரி, தட்டத்துக்கு வருவோம்.

முதல் வேலை, தட்டத்தை இரண்டாகப் பிரிப்பது. எங்கட ஆட்களுக்கு டிசம்பர் விரத மாதம். பிள்ளையார் கதை 21 நாள், அதன் பின்னாலேயே திருவெம்பாவை. கிறிஸ்மஸ் அன்று வருகிற பத்துப் பேரில் நாலு பேராவது சைவம். ஆகவே மீன் தனித் தட்டம், தனிக் கரண்டி. ஒரே தட்டத்தில் ஓரமாய் வைத்தேன் என்று சொன்னால் மாமி தண்ணீர்கூடக் குடிக்கமாட்டா, அவ சொல்வதும் நியாயம்தான். சீஸ் எல்லாம் சைவம் என்று நினைக்காதீர்கள். பால் திரைய வைக்கிற ரென்னற் சிலதில் கன்றுக்குட்டியின் இரைப்பையில் இருந்து எடுப்பது. இத்தாலியப் பார்மெசான் எப்போதும் அப்படித்தான். சுப்பர்மார்க்கெற் செடார் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. ஆனாலும் சைவருக்கு உகந்தது என்று உறையில் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சீஸ் இரண்டு போதும். ஒன்று முற்றின செடார். மற்றது இந்த நாட்டுக் கிறிஸ்மஸ் சீஸ், நீலம் ஓடிய ஸ்ரில்டன். டார்பிஷயர், லெஸ்ரர்ஷயர், நொற்றிங்ஹம்ஷயர் மூன்றிலும்தான் அதைச் செய்யலாம். கேம்பிரிட்ஜ்ஷயரில் இருக்கிற ஸ்ரில்டன் என்ற ஊரிலேயே செய்யமுடியாது என்பது பகிடி. முதல்முறை தின்கிறவர் முகத்தைச் சுழிப்பார். கிறீம் கிறேக்கரில் கொஞ்சமாய்ப் பூசி, மேலே பேரீச்சம்பழத் துண்டு ஒன்று வைத்துக் கொடுங்கள். இரண்டாவதைத் தானே எடுப்பார். செடாருக்கு எங்கட தேசிக்காய் ஊறுகாய். வெள்ளைக்காரன் செடாருக்குப் புளிச் சட்னி வைப்பதும் இதே காரணத்துக்குத்தான். கொழுப்புக்குப் புளி வேண்டும்.

எழுபதுகளில் இங்கே பார்ட்டி என்றால் செடார்க் கட்டியையும் அன்னாசித் துண்டையும் குச்சியில் கோர்த்து முள்ளம்பன்றி மாதிரிக் குத்தி வைப்பார்கள். இப்போது அவர்களே அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நான் சிரிக்கமாட்டேன். அந்த அன்னாசியை உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுப் பிரட்டிவிட்டுக் குத்துங்கள், பிறகு சொல்லுங்கள். எங்கள் வீட்டில் முதலில் முடிகிறது அதுதான். இதோடு வெள்ளரிக்காய், கரட், துருக்கிக் கடை ஹமூஸ், ஒலிவ், மாதுளை முத்து, சற்சுமா. கடைசியாகத் தமிழ்க் கடையில் பைக்கற்றில் வாங்கின பருத்தித்துறை வடையும் எள்ளுருண்டையும். இவற்றை யாரோ சுட்டார்கள்தானே என்று கேட்பீர்கள். சுட்டார்கள், கூலி வாங்கிக்கொண்டு. வித்தியாசம் அதுதான்.

சின்ன விசயங்கள்: சீஸை ஒரு மணித்தியாலம் முந்தியே வெளியே எடுங்கள், குளிரில் அதற்கு ருசி இல்லை. மீனைச் சனம் வந்தபிறகுதான் எடுக்கவேண்டும். பிள்ளைத்தாச்சிப் பெண்களுக்குப் புகை போட்ட சமனும் பிரீ, கமெம்பேர் மாதிரிப் பூஞ்சணத்தோல் மென்சீஸும் கூடாது என்று இங்கத்தைய வைத்தியர்கள் சொல்கிறார்கள், கேட்டுக் கொடுங்கள். முந்திரிகைப் பழத்தைச் சின்னப் பிள்ளைகளுக்கு நெடுக்காக வெட்டுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே முழுக் கச்சான், கஜு வேண்டாம்.

எங்கட அம்மா இதை ஒத்துக்கொள்ள மூன்று வருடம் எடுத்தது. "வாற சனம் என்ன நினைக்கும்" என்பது வெளியில் சொன்ன காரணம். உள்ளே வேறு. வீடு, வளவு, கிணறு, பேசுகிற பாசை எல்லாம் போனபிறகு அவவின் கையில் மிஞ்சினது கைப்பக்குவம் ஒன்றுதான். அதையும் ஒரு நாளைக்கு வேண்டாம் என்றால் கோபம் வரும்தானே. தட்டம் வேண்டும் என்று சொல்கிறவர்கள் இதை யோசித்துத்தான் சொல்லவேண்டும். நாங்கள் ஊறுகாயை அம்மாவிடம் விட்டோம். ஒக்ரோபரிலேயே போத்தல் போட்டுவிடுவா. கிறிஸ்மஸ் அன்று நடுவில் கதிரை போட்டு இருந்துகொண்டு, ஊறுகாய் எத்தனை பேர் எடுக்கிறார்கள் என்று கணக்கெடுப்பா.

இரண்டு வருடத்துக்கு முதல் ஒரு பெடியனைக் கூட்டிவந்தார்கள். வவுனியாப் பக்கம். புகலிடம் கேட்டவர்களை இப்போது ஹோட்டல்களில் வைத்திருக்கிறார்கள் அல்லவா, அப்படி ஒன்றில் ஏழு மாதமாக இருக்கிறான். மூன்று நேரமும் பெட்டியில் சாப்பாடு வரும், அறையில் அடுப்பு வைக்க அனுமதி இல்லை. நான் பெருமையாகத் தட்டத்தை நீட்டினேன். மரியாதைக்கு ஒரு பிஸ்கற் எடுத்தான். கொஞ்ச நேரம் கழித்துக் குசினி வாசலில் வந்து நின்று மெதுவாகக் கேட்டான்: "அண்ணை, குறை நினைக்காதேங்கோ. நான் ஒரு பருப்பு வைக்கட்டோ?"

எனக்கு மறுமொழி வரவில்லை. அடுப்பு மூட்டாமல் இருக்கிறது எனக்கு ஓய்வு. அவனுக்கு ஏழு மாதமாக அதுதான் கட்டளை. கிறிஸ்மஸ் அன்று எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது. பருப்புக் கழுவினான், வெங்காயம் வெட்டினான், செத்தல் மிளகாய் தாளித்தான். அலாரம் கத்தியது. சோறும் வைத்தான். மச்சாள் உதவிக்கு எழும்பப் பார்த்தா, "நீங்கள் இருங்கோ அக்கா" என்று விடவில்லை. அவ இருந்த இடத்திலேயே சட்டியைக் கொண்டுவரச் சொல்லி, அகப்பையில் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, உப்புக் காணாது என்றா.