எடை வேறு, வலிமை வேறு

தராசு பொய் சொல்லாது என்பது கடைத்தெரு வழக்கு. அரிசிக்கும் பருப்புக்கும் அது பொருந்தும்; மருந்துக்குப் பொருந்தாது. மாத்திரை அட்டையில் 50 என்று அச்சிட்டிருந்தால் அது 10ஐவிட வலிமை மிக்கது என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். படித்தவர்களும் இதற்கு விலக்கல்லர். அபின் இன வலி மருந்துகளில் இந்த எண்ணம் ஒருவரைக் கொல்லவும் கூடும். மற்றொருவரை வலியிலே வாடவிடவும் கூடும். ஆகவே இதுபற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். நான் வேதியியல் மாணவன், மருத்துவன் அல்லேன். மருந்துச்சீட்டு எழுதுவது என் நோக்கமன்று.

இம்மருந்துகளை ஒப்பிட மருத்துவர்கள் கைக்கொள்ளும் அளவுகோல், வாயால் உட்கொள்ளும் மார்ஃபின். அதன் வலிமையை ஒன்று என வைத்தால், ஆக்சிகோடோன் ஒன்றரை; கோடீன் 0.15. ஃபென்டனிலின் கணக்கோ வேறு. தோலில் ஒட்டும் பட்டை ஒன்று மணிக்கு 25 மைக்ரோகிராம் வெளியிட்டால், ஒரு நாளில் உடலுக்குள் போவது 0.6 மில்லிகிராம்தான். ஆனால் அது ஏறத்தாழ 60 மில்லிகிராம் மார்ஃபினுக்கு ஈடு. நூறு மடங்கு! ‘25தானே, நான் விழுங்கும் 50இல் பாதிதானே’ என்று அப்பட்டையை எடுத்து ஒட்டிக்கொள்பவன் கதி என்னாகும்?

மருந்து ஒன்றேயாயினும் செல்லும் வழி மாறினால் அளவும் மாறும். இந்நகர் மருத்துவமனைகளுக்கு வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு மொழிபெயர்ப்பாளராக நம் மன்றத்தார் சிலர் செல்வதுண்டு, நானும் செல்கிறேன். புற்றுநோயால் வருந்திய முதியவர் ஒருவருக்கு 10 மில்லிகிராம் மார்ஃபின் ஊசியை நிறுத்தி, 30 மில்லிகிராம் மாத்திரை எழுதினார்கள். “தம்பி, மூணு மடங்கு ஆக்கிட்டாங்களே, அப்பா தாங்குவாரா?” என்று அவர் மகன் கலங்கினார், மாத்திரையைக் கொடுக்காமல் மடித்து வைத்துவிட்டார். பெரியவர் இரவெல்லாம் முனகினார். விழுங்கிய மார்ஃபினில் பெரும்பகுதியைக் கல்லீரல் முதற்சுற்றிலேயே மாற்றிவிடுகிறது; ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே குருதியில் கலக்கிறது. எனவே 30 மாத்திரையும் 10 ஊசியும் ஏறக்குறைய ஒன்றே. மறுநாள் மருத்துவர் கூறிய இவ்விளக்கத்தை நான் தமிழில் சொன்ன பின்னரே மாத்திரை பெரியவரின் வாய்க்குப் போயிற்று.

அப்படியானால் ஒப்பீட்டு அட்டவணையை மனப்பாடம் செய்துவிட்டால் போதாதோ? போதாது. டிரமடாலை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் முன்னர் அதன் வலிமை மார்ஃபினில் பத்தில் ஒன்று என்றது. அம்மையத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டி ஐந்தில் ஒன்று என்கிறது. மருந்தின் மூலக்கூறு மாறவில்லை, மதிப்பீடு மாறிற்று. கோடீன் கல்லீரலில் மார்ஃபினாக மாறியே வலியைத் தணிக்கிறது. அம்மாற்றம் ஒருவர் உடலில் மிக விரைவாகவும், மற்றொருவர் உடலில் நடவாதது போலவும் நிகழும். சிறுநீரகம் பழுதுற்றவர் உடலில் மார்ஃபினின் விளைபொருள்கள் வெளியேறாமல் தங்கி மூச்சை மந்தமாக்கும். ஆகவே அட்டவணையின் எண், பலரைப் பார்த்து வகுத்த சராசரி. உங்கள் தந்தையின் உடலைப் பார்த்து எழுதியதன்று.

மருந்தை மாற்றும்போது இன்னொரு நுட்பமும் உண்டு. நெடுநாள் ஒரு மருந்துக்குப் பழகிய உடல், அதே இனத்துப் புதிய மருந்துக்கு அதே அளவு பழகியிராது. ஆதலால் கணக்கில் வரும் அளவைக் கால் பங்கு முதல் பாதி வரை குறைத்துத் தொடங்கி, நோயாளியைக் கவனித்து உயர்த்துவது மருத்துவர் வழக்கம். பட்டையை ஒட்டினால் முழுப்பயன் தெரியப் பல மணி நேரமாகும். எடுத்துவிட்டாலும் மருந்து உடனே நீங்காது. மெத்தடோனோ நாட்கணக்கில் உடலில் சேரும். அதன் விகிதமும் முந்தைய மருந்தின் அளவுக்கேற்ப மாறும். தேர்ந்தவர்களே அஞ்சிக் கையாளும் மருந்து அது.

இவ்வளவு ஆபத்து இருக்கையில் இம்மருந்துகளை அடியோடு விலக்கிவிடுவதே மேல் என்று சிலர் சொல்லக்கூடும். இதை நான் முற்றிலும் மறுக்கிறேன். மத்தியப் பிரதேசத்திலும் இராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசின் உரிமம் பெற்று அபின் பயிராகிறது. ஆயினும் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால், நம் நோயாளிகள் மார்ஃபின் கிட்டாமல் துடித்தார்கள். கேரளத்து மருத்துவர் இராஜகோபால் போன்றோர் பல்லாண்டு போராடியதன் பின், 2014இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. சட்டம் தளர்ந்தும் நம் அச்சம் தளரவில்லை. ‘மார்ஃபினா? அப்படியானால் முடிவு நெருங்கிவிட்டது’ என்று உறவினர் அழுவதை இன்றும் கேட்கிறேன்.

விடுதியிலோ நிலைமை நேர்மாறு. பந்தாட்டத்தில் கால் பிசகினால் அறைத்தோழன் மிச்சம் வைத்த டிரமடாலை வாங்கி விழுங்குகிறார்கள். 2018 முதல் அதுவும் அதே சட்டத்தின் கீழ் வந்த மருந்து என்பதை எத்தனை பேர் அறிவார்கள்? தூக்க மாத்திரையோடும் மதுவோடும் சேர்ந்தால் அது மூச்சையே அடக்கிவிடும். முதியவருக்கு வேண்டியதை மறுக்கிறோம். நமக்கு வேண்டாததை விழுங்குகிறோம். இது என்ன நியாயம்?

நம் மன்றம் செய்யத்தக்கது ஒன்று உண்டு. மொழிபெயர்க்கச் செல்லும் ஒவ்வொருவரும் ஒரு தாள் வைத்திருக்க வேண்டும். மருந்தின் பெயர், அளவு, மாத்திரையா ஊசியா பட்டையா, கடைசியாகத் தந்த நேரம், சிறுநீரகக் கோளாறு உண்டா, உடன் உட்கொள்ளும் மற்ற மருந்துகள் யாவை என்பவற்றை அதில் எழுதி மருத்துவரிடம் தர வேண்டும். மருந்து மாறினால், ‘பழையதை எப்போது நிறுத்துவது? புதியதை எப்போது தொடங்குவது?’ என்று கேட்டு, விடையைத் தமிழில் எழுதிக் குடும்பத்தாரிடம் கொடுக்க வேண்டும். எழுப்பியும் எழாத உறக்கமோ, மூச்சு மந்தமோ கண்டால் கணமும் தாழ்க்காமல் மருத்துவமனைக்கு விரையுமாறு சொல்ல வேண்டும். மூச்சை மீட்க நலாக்சோன் என்னும் மாற்று மருந்து உண்டு.

இதற்குப் பணம் வேண்டியதில்லை. ஒரு தாளும் எழுதுகோலும் சிறிது பொறுமையும் போதும். அடுத்த கூட்டத்திலேயே இத்தாளை அச்சிட முடிவு செய்வோம், தோழர்களே!