துடைத்த திரை, துடைக்காத வரலாறு

திருவண்ணாமலைக் கல்லூரி லேபில் டர்போ சி-யில் புரோகிராம் எழுதப் பழகியவருக்கு எது மறந்தாலும் திரையைத் துடைக்கும் கிளியர்ஸ்கிரீன் மறக்காது. ரெக்கார்ட் நோட்டில் எந்தப் பயிற்சியானாலும் அதில் தொடங்கி, ஒரு விசை அழுத்தக் காத்திருக்கும் ‘கெட்ச்’சில் முடியும். ஆனால் மாறிகளை அறிவிப்பதற்கு முன்பே கிளியர்ஸ்கிரீனை எழுதிவிட்டால் போதும், ‘இங்கே அறிவிக்க அனுமதியில்லை’ என்று கம்பைலர் சண்டைக்கு வரும்.

அந்தச் சடங்குக்குக் காரணம் உண்டு. போன தடவை ஓட்டிய விடை திரையில் அப்படியே கிடக்கும். புதிய விடை அதன் அடியில் ஒட்டிக்கொள்ளும். டாஸ் திரையோ 80 எழுத்து அகலம், 25 வரி. எழுத்துக்கு ஒரு பைட், நிறத்துக்கு ஒரு பைட் என மொத்தம் 4,000 பைட். அதை வெற்றெழுத்தால் நிரப்பினால் வேலை முடிந்தது. மேலே போன வரி போனதுதான்.

இன்று அதே மேசையில் லினக்ஸும் பைத்தானும். பிராக்டிகல் தேர்வில் முதல் பேட்ச் மாணவர் திரையைத் துடைத்துவிட்டு எழுந்து போகிறார். அடுத்தவர் மவுஸ் சக்கரத்தை உருட்டினால் விடை மொத்தமும் மேலே காத்திருக்கலாம்!

லினக்ஸில் கட்டளை தட்டும் ஜன்னலான டெர்மினலுக்குத் திரையைத் துடைக்கச் சொல்வது ஒரு சிறிய குறித்தொடர்: 27-ஆம் எண் கொண்ட எஸ்கேப் எழுத்து, இடது சதுர அடைப்பு, 2, பெரிய ஜே. 1978-இல் வந்த விடி100 முனையத்துக்கும் இது புரியும். ஆனால் இது கண்ணுக்குத் தெரியும் பகுதியை மட்டுமே துடைக்கும். உருண்டு மேலே போன வரிகளை அழிக்க 2-க்குப் பதில் 3 வேண்டும். எக்ஸ்டெர்ம் என்ற டெர்மினல் புரோகிராம் கொண்டுவந்த இந்த நீட்சியை லினக்ஸ் கன்சோல் 2011-இல்தான் ஏற்றது.

வரிசையும் முக்கியம். சில டெர்மினல்கள் 2 வந்ததும் திரையில் இருப்பதை அழிக்காமல் மேலே தள்ளிவிடும். எனவே 3 கடைசியில் வரவேண்டும். முன்னால் அனுப்பினால் அழித்த இடத்திலேயே புதுக்குப்பை சேரும்.

இருந்தாலும், கேட்காமலே 3-ஐ அனுப்பும் புரோகிராம், மேசையைத் துடைக்கச் சொன்னால் பீரோவையும் காலி செய்துவிடும் வேலையாள் மாதிரி. அரை மணி நேரம் தேடிய பிழைச்செய்தி அதோடு போய்விடும். லினக்ஸின் ‘கிளியர்’ கட்டளையே, டெர்மினல் ஆதரித்தால், திரையையும் பழைய வரிகளையும் அழித்துவிடும். மைனஸ் எக்ஸ் சேர்த்தால்தான் பழைய வரிகள் தப்பும். ஒரே டெர்மினலைப் பலவாகப் பிரித்துத் தரும் டிமக்ஸுக்குள் வேலை செய்பவருக்கு வரலாறு தனிக்கணக்கு, அதற்குத் தனிக் கட்டளை.

இத்தனைக்குப் பிறகும், பாஷ் ஷெல்லில் தட்டிய கட்டளைகள் ஹோம் டைரக்டரியில் ஒரு மறைகோப்பில் சேர்ந்துகொண்டுதான் இருக்கும். கட்டளை வரியிலேயே பாஸ்வேர்டைத் தட்டியவர் திறந்து பார்க்க வேண்டியது அதைத்தான்.