மே மாத வாடகை: சென்னை மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

சென்னையில் ஓர் அரசுக் கலைக் கல்லூரியில் ஆசிரியராக இருக்கிறேன். அடுத்த மாதம் பருவத் தேர்வு. ஆனால் என் வகுப்பில் இருக்கும் வெளியூர்ப் பிள்ளைகள் இப்போது தேர்வைவிட, வரும் ஆண்டில் எங்கே தங்குவது என்பதைப் பற்றித்தான் அதிகம் பேசிக்கொள்கிறார்கள். அவர்களே பேசித் தீர்த்துக்கொள்ளக்கூடிய காரியமாக இது எனக்குத் தெரியவில்லை. இரண்டு சட்டங்களின் வழியாக இதில் தலையிடும் அதிகாரம் உங்கள் அலுவலகத்துக்கு இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

கல்லூரி விடுதியில் இடம் குறைவு. இருக்கும் இடமும் முதலாண்டுப் பிள்ளைகளுக்கே முதலில் போகிறது. ஊரைவிட்டு முதன்முறையாக வருகிறவர்களுக்கு அதுதான் நியாயம். 2025 ஜூலையில் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாறிய அரசு விடுதிகளில் இடம் கிடைத்தவர்களுக்குக் கவலை இல்லை. மற்றவர்கள் திருவல்லிக்கேணி மேன்ஷன்களிலும், ராயப்பேட்டை, சைதாப்பேட்டைச் சந்துகளில் இருக்கும் தனியார் ஹாஸ்டல்களிலும், நாலைந்து பேராகச் சேர்ந்து எடுக்கும் வீடுகளிலும் காலம் தள்ளுகிறார்கள். இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளில் பலரின் நிலை இதுதான்.

இவர்களுக்கு வருடத்தின் மிகக் கடினமான மாதம் மே. தேர்வு முடிந்து பிள்ளைகள் ஊருக்குப் போய்விடுவார்கள். கல்லூரி ஜூன் நடுவில் திறக்கும். இடையில் அந்தக் கட்டிலில் யாரும் படுப்பதில்லை. ஆனாலும் ஜூனில் அதே கட்டில் வேண்டுமென்றால் மே மாதப் பணத்தைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். நான்கு பேர் இருக்கும் அறையில் சாப்பாட்டோடு ஒரு கட்டிலுக்கு 6,000, 7,000 ரூபாய் ஆகிறது. சாப்பிடாத நாட்களுக்கும் சாப்பாட்டுக் காசைச் சேர்த்தே வாங்குகிறார்கள். கட்ட முடியாதவர்கள் பெட்டி, படுக்கை, வாளி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு காலி செய்ய வேண்டும். ஜூனில் திரும்பி வந்தால் வாடகை ஏறியிருக்கும். மறுபடியும் அட்வான்ஸ் கேட்பார்கள். சில இடங்களில் ‘அட்மிஷன் ஃபீஸ்’ என்று தனியாக ஒரு தொகை. அது திரும்பி வராது.

அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவிகளுக்கு 2022 செப்டம்பர் முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்ட் முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அந்தப் பணம் வந்த பிறகு படிப்பை விடாமல் தொடர்ந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆளில்லாத கட்டிலுக்குக் கட்டும் இந்த ஒரு மாத வாடகை, அந்த உதவித்தொகையில் ஆறு மாதப் பணத்தை விழுங்கிவிடுகிறது. என் மாணவர்கள் சிலர் விடுமுறையில் ஊருக்குப் போகாமல் தியாகராய நகர்க் கடைகளில் வேலைக்கு நிற்கிறார்கள். எதற்கு என்று கேட்டால், மே மாத வாடகைக்கு என்கிறார்கள்.

வீடு எடுத்துத் தங்குபவர்களின் கதை வேறு. பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குவது சென்னையின் பழைய வழக்கம். 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தபோது, இனி மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். ஆனால், இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் தவிர என்ற விலக்கு அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. மூன்று மாதம்தான் என்று இருபது வயதுப் பிள்ளையால் ஹவுஸ் ஓனரிடம் எப்படி வாதாட முடியும்? கேட்ட தொகைக்கு ஒப்புக்கொண்டால்தான் சாவி கிடைக்கும்.

அந்த அட்வான்ஸ் பிறகு என்ன ஆகிறது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். நான்கு மாணவர்கள் சேர்ந்து 60,000 ரூபாய் கொடுத்து ஒரு வீட்டை எடுக்கிறார்கள். ஒப்பந்தம் எழுதினால் ஒருவன் பெயரில்தான் எழுதுவார்கள்; பெரும்பாலும் எழுதுவதே இல்லை. மறு வருஷம் அவர்களில் இருவர் படிப்பு முடிந்து போகிறார்கள். ஓனர் அவர்கள் பங்கைத் தருவதில்லை; புதிதாக வரும் ஜூனியர்கள் இருவரிடம் ஆளுக்கு 15,000 வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். இப்படியே ஒரு செட் மாறி ஒரு செட்டாக அந்தப் பணம் கைமாறிக்கொண்டே போகும். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதற்கு ஜிபேயில் ஒரு வரியும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியும்தான் சாட்சி. கடைசியில் வீட்டைக் காலி செய்கிற செட் போய் ஓனர் முன்னால் நிற்கும்போது, பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகை பிடிப்பார்கள். உடைந்த குழாய்க்கு, கரண்ட் பாக்கிக்கு என்று மேலும் கொஞ்சம் போகும். மீதியை அக்கவுண்டில் போடுகிறேன் என்பார்கள். பையன் செஞ்சியிலோ அரூரிலோ இருந்து எத்தனை முறை போன் செய்வான்? அந்த 15,000 அவனுடைய அம்மா ஆட்டை விற்றோ குழுக்கடன் எடுத்தோ கொடுத்ததாக இருக்கும்.

கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. சட்டத்தை நடைமுறைப்படுத்த வாடகை ஆணையர் இருக்கிறார்; துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அந்த அதிகாரியை அரசின் ஒப்புதலோடு நியமிப்பவர் மாவட்ட ஆட்சியர். கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லாத மாணவன் அவரிடம் எதைக் காட்டுவான்? அப்படி ஓர் ஆணையர் இருப்பதே என் மாணவர்களுக்குத் தெரியாது. வீட்டு உரிமையாளர்கள் எல்லோரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமில்லை. ஓய்வூதியம் இல்லாமல் மாடி வாடகையை நம்பியே வாழும் பெரியவர்களை நான் அறிவேன். பையன்கள் இரண்டு மாத வாடகையைப் பாக்கி வைத்துவிட்டு ராத்திரியில் காலி செய்துகொண்டு போனதும் நடந்திருக்கிறது. எழுத்தில் ஓர் ஒப்பந்தம் இருந்தால் உரிமையாளர்களுக்கும் அதுதான் பாதுகாப்பு.

போன ஜூனில் ஒரு மாணவிக்கும் அவள் தோழிகளுக்கும் வீடு பார்க்க நானும் கூடப் போனேன். வாசலில் டூலெட் பலகை தொங்கியது. அந்த அம்மா எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். வாடகை, தண்ணீர் வரும் நேரம் எல்லாம் சொன்னார். பிறகு அவளைப் பார்த்து, “எந்த ஊரும்மா?” என்றார்.

“போளூர் பக்கம் ஆன்ட்டி.”

“போளூர் பக்கம்னா?”

ஊர்ப் பெயரைச் சொன்னாள்.

“ஊருக்குள்ளயா, வெளியிலயா?”

அவள் என்னைப் பார்த்தாள். பதில் சொல்லவில்லை. “வீட்டுக்காரர் வந்ததும் கேட்டுட்டுச் சொல்றேன்” என்றார் அந்த அம்மா. போன் வரவே இல்லை. அடுத்த வாரம் அந்த வழியாகப் போனபோது பலகை அங்கேயே தொங்கியது. இதை யாரும் உங்களிடம் மனுவாக எழுதிக்கொண்டு வரமாட்டார்கள். எழுதினாலும் நிரூபிக்க ஒன்றுமில்லை. முஸ்லிம் மாணவர்களுக்கு ‘வெஜிடேரியன் மட்டும்’ என்று பதில் வருகிறது. வீடு தேடி அலைந்து இந்தக் கேள்விகளைக் கேட்டுக் கேட்டுச் சலித்துத்தான் பலர் கூடுதல் காசானாலும் பரவாயில்லை என்று ஹாஸ்டல் கட்டிலுக்கு வருகிறார்கள்.

அந்த ஹாஸ்டல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெண்களும் குழந்தைகளும் தங்கும் விடுதிகளை ஒழுங்குபடுத்த 2014இல் சட்டம் வந்தது. அதன்படி உரிமம் தர வேண்டியவர் மாவட்ட ஆட்சியர். கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று எல்லாம் இருந்தால்தான் உரிமம். 2018 டிசம்பரில் ஆதம்பாக்கத்தில் ஒரு மகளிர் விடுதியின் அறைகளில் ரகசியக் கேமராக்கள் இருந்தது வெளியே வந்தபோது நகரமே அதிர்ந்தது. அப்போது பதிவு, ஆய்வு என்று வேகம் இருந்தது. 2024 செப்டம்பர் 12 அதிகாலையில் மதுரை கட்ராபாளையத்தில் ஒரு மகளிர் விடுதியில் குளிர்சாதனப் பெட்டி வெடித்துத் தீப்பிடித்து, அங்கே தங்கியிருந்த பெண்கள் இருவர் இறந்தார்கள். அதன் பிறகும் ஆய்வு நடந்தது. விபத்துக்குப் பிறகு வரும் ஆய்வு, ஜூனில் பெட்டியோடு வந்து நிற்கும் பெண்ணுக்கு எந்த விதத்திலும் உதவாது. எந்த விடுதிக்கு உரிமம் இருக்கிறது, எதற்கு இல்லை என்பது அவளுக்கு வாசலிலேயே தெரிய வேண்டும்.

கல்லூரிப் பையன்கள் தங்கும் விடுதிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. மேன்ஷன் மாடிப்படியில் சிலிண்டரும் பைக்கும் நிற்கின்றன. ஓர் அறையில் இரும்புக் கட்டிலை இரண்டடுக்காகப் போட்டு எட்டுப் பேர் வரை தங்கவைக்கிறார்கள். ஒரே பிளக்கில் நான்கு சார்ஜரும் ஓர் இண்டக்‌ஷன் அடுப்பும் செருகியிருப்பதை நானே பார்த்தேன். கேட்பதற்கு ஆளில்லை.

மாதம் 20,000 ரூபாய்க்கு உட்பட்ட, தொடர்ந்து 90 நாட்களுக்குக் குறையாத விடுதித் தங்கலுக்கு வரி வேண்டாம் என்று 2024 ஜூன் 22 அன்று ஜிஎஸ்டி கவுன்சில் பரிந்துரைத்தது. நல்ல முடிவு. கொடுத்த பணத்துக்கு ரசீது தர வேண்டும் என்பதையும் யாராவது இதே அக்கறையோடு வலியுறுத்தினால் நன்றாக இருக்கும்.

உங்களிடம் நான் கேட்பது இவைதான். சென்னை மாவட்டத்தில் உரிமம் பெற்ற மகளிர் விடுதிகளின் பட்டியலை, உரிம எண்ணோடும் அது காலாவதியாகும் தேதியோடும், தமிழில், பகுதிவாரியாக, மே மாதத்துக்குள் எல்லாக் கல்லூரிகளுக்கும் அனுப்புங்கள். அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். உரிம எண்ணை விடுதி வாசலில் எழுதிவைக்க உத்தரவிடுங்கள். சாதியும் மதமும் கேட்டு இடம் மறுக்கக் கூடாது என்பதை உரிம நிபந்தனைகளில் சேர்க்க வழியிருந்தால் சேருங்கள். பையன்களின் விடுதிகளையும் இதே சட்டத்துக்குள் கொண்டுவர அரசுக்கு நீங்கள் பரிந்துரை எழுதினால், அது எங்கள் மனுக்களைவிடப் பல மடங்கு எடை கொண்டதாக இருக்கும். அதுவரை தீயணைப்புத் துறையையும் மாநகராட்சியையும் கூட்டி, கல்லூரி திறப்பதற்கு முன்பே மேன்ஷன்களை ஒருமுறை பார்க்கச் சொல்லலாம்.

ஒரே பக்கத்தில், பிள்ளைகளுக்குப் புரியும் தமிழில், ஒரு தங்கல் ஒப்பந்தப் படிவத்தை உங்கள் அலுவலகம் வெளியிட வேண்டும். அட்வான்ஸ் எவ்வளவு, தங்குபவர் ஒவ்வொருவரின் பங்கு எவ்வளவு, காலி செய்யும்போது எதற்கெல்லாம் பிடிக்கலாம், விடுமுறை மாதத்தில் ஆளில்லாத கட்டிலுக்கு என்ன தொகை என்று அதில் கட்டங்கள் இருந்தால் போதும். கட்டிலைப் பிடித்துவைக்க ஒரு சிறு தொகை வாங்கிக்கொள்ளட்டும், சாப்பாட்டுக் காசையாவது விட்டுக்கொடுக்கட்டும். உரிமையாளர் சங்கங்களை நீங்கள் கூப்பிட்டுப் பேசினால் கேட்பார்கள் என்று நம்புகிறேன்.

தாம்பரம், கூடுவாஞ்சேரி, ஆவடி என்று வாடகை குறைந்த இடங்களில் தங்கி ரயிலில் வரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவை செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களில் இருக்கின்றன. அந்த ஆட்சியர்களிடம் நீங்கள் பேசினால் இந்தப் படிவம் அங்கேயும் செல்லும்.

கடைசியாக, வாடகை ஆணையர் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரியை மே முதல் வாரத்திலும் ஜூன் கடைசி வாரத்திலும் கல்லூரிகளுக்கு அனுப்புங்கள். அட்வான்ஸ் திரும்ப வராதவர்கள் மனு எழுதத் தமிழ்த்துறை ஆசிரியர்கள் நாங்கள் உதவுகிறோம். எங்கள் கல்லூரியில் கூடம் இருக்கிறது, நாற்காலிகள் இருக்கின்றன. தேதியை மட்டும் நீங்கள் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
அரசுக் கல்லூரி ஆசிரியர் ஒருவர்,
சென்னை